பேராக் புள்ளினமும் தோட்டத் தமிழரும்

பறவைகளைத் தேடிச் சென்று கண்டு மகிழ்வதை ஒரு கலையாகவே பயில்வோர் இன்று உலகெங்கும் உள்ளனர். மத்தியதரைக் கடலின் தீவுகளுக்கு விடுமுறையில் செல்லும் ஐரோப்பியரில் பலர், கழுத்தில் தொலைநோக்கியும் கையில் குறிப்பேடுமாய்ச் சதுப்பு நிலங்களைச் சுற்றி வருவர். காலையில் கண்ட புள் எத்தனை, மாலையில் கண்டது எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டு ஊர் திரும்புவர். நம்மவரிடையே இதனை வேலையற்றோர் வேலை என்று எண்ணும் வழக்கமே மிகுதி. அவ்வெண்ணம் முற்றும் பிழை என்பதும், குறிப்பாகப் பேராக் மாநிலத்தில் பறவையின் வரலாறும் தமிழ்த் தொழிலாளியின் வரலாறும் ஒரே நிலத்தின் மீது எழுதப்பட்டவை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மயோர்க்காத் தீவிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். அங்கே அல்புபேரா என்றொரு பெருஞ்சதுப்பு உண்டு. 1860களில் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று அதனை வடித்து விளைநிலமாக்க முனைந்து கால்வாய்கள் வெட்டிற்று. முயற்சி நினைத்தவாறு பலிக்கவில்லை. பிற்காலத்தில் பறவைகளின் உறைவிடம் என்ற மதிப்பினால் அந்நிலம் 1988இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அன்று வெட்டிய கால்வாய்களின் கரைமீதே இன்று பறவை காண்போர் நடக்கின்றனர். மண்ணை வெட்டிய கைகளைப் பற்றி அவர்களுடைய குறிப்பேடுகளில் ஒரு வரியும் இராது. பேராக்கிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே.

பேராக்கின் தீவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பங்கோர். ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் தெலுக் நிப்பாக் கடற்கரையில் மாலை வேளைகளில் ஒரு காட்சியைக் காணலாம். கருப்பும் வெள்ளையுமான இருவாட்சிப் பறவைகள் காட்டிலிருந்து இறங்கி, விடுதிகளின் முற்றத்தில் மக்கள் நீட்டும் பழத்துண்டுகளைக் கொத்திச் செல்லும். இத்தீவை ஒட்டிய கடலில் நின்ற கப்பலில்தான் 1874ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பேராக் சுல்தானுக்கு ஆங்கிலேய ஆலோசகர் அமர்ந்தார். சுரங்கமும் தோட்டமும் இருப்புப் பாதையும் பின்தொடர்ந்தன. அவற்றின் பின்னே நம் முன்னோரும் வந்து சேர்ந்தனர். மாசி மகத்தன்று பங்கோர்ப் பத்திரகாளியம்மனை வழிபடப் படகேறிச் செல்லும் ஆயிரக்கணக்கான தமிழர், தம்மையறியாமலே, வலசைப் பறவைகள் கரையோரத்தில் தங்கியிருக்கும் பருவத்தில்தான் அக்கடலைக் கடக்கின்றனர். அண்ணாந்து பார்ப்பவர் சிலரே.

பேராக் பறவைகளை எழுத்தில் பதிந்தோர் முதலில் வெள்ளையர்களே. கெல்ஹம் என்னும் படை அலுவலர் 1870களின் இறுதியில் இங்குக் கண்ட பறவைகளைப் பற்றி 1881 முதல் 1883 வரை ‘ஐபிஸ்’ என்னும் ஆங்கிலப் பறவையியல் இதழில் தொடர்ந்து எழுதினார். 1883இல் தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் தோன்றியது. இன்றைய மலேசியாவில் மிகப் பழமையானது அதுவே. அதன் முதற் காப்பாளர் லெனார்டு ரே. லாருட் மலையிலும் பத்தாங் பாடாங் மலைகளிலும் அவர் திரட்டிய பறவைகள் இலண்டனுக்குச் சென்றன. அங்கே பௌட்லர் ஷார்ப் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அக்காலத்தில் பறவை காண்பது என்றால் சுடுவது என்றே பொருள். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டி வைத்தால்தான் அது அறிவியல்.

அருங்காட்சியகம் தோன்றியபோது பேராக்கின் ஆலோசகராக இருந்தவர் சர் ஹியூ லோ. கோலாகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நடுவித்தவரும் அவரே. பஞ்சடைத்த பறவைக்கும் பால்மரத்துக்கும் ஒரே மனிதர் ஆதரவாளராய் இருந்தார் என்பது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து ஆட்சியாளருக்கு இவ்விரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். நாட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பது ஒரு பக்கம். இருப்பதை அகற்றிவிட்டு எதை நடலாம் என்று திட்டமிடுவது மறுபக்கம்.

பின்னர் தோட்டத் துரைமாரே பறவை நூலோர் ஆயினர். எட்கர் என்பவரை எடுத்துக்கொள்வோம். ரப்பர் பயிரிடும் முறை பற்றித் தோட்ட நிருவாகிகள் போற்றிய கைநூலை எழுதியவர் இவர். இவரே பேராக் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1933இல் சிங்கப்பூர் இராபிள்ஸ் அருங்காட்சியக இதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். எந்தப் புள் எந்த மாதத்தில் கூடு கட்டும், எத்தனை முட்டையிடும் என்பவற்றை இத்துணை நுணுக்கமாக எழுதுவதற்கு ஒருவர் இரண்டு கண் மட்டும் போதா. நிரைதோறும் விடியுமுன் நுழைந்து, ஒவ்வொரு மரத்தையும் கைதொட்டுச் சென்றவர் பால்வெட்டுத் தொழிலாளரே. கூடு எந்த மரத்தில், பாம்பு எந்தப் புதரில் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்த அளவு வேறெவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் கண்டது தமிழில் எழுதப்படவில்லை. இதற்குத் துரைமாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தோட்டத்தில் எழுதத் தெரிந்த கிராணிகளும் ஆசிரியர்களும் நம்மவரே. அவர்களுக்கும் பறவை ஒரு பொருளாகத் தோன்றவில்லை.

1940இல் மலாயா இயற்கைக் கழகம் நிறுவப்பட்டது. அதற்குப்பின் வந்த நூல்களுள் மேடக் என்னும் காவல்துறை அலுவலரின் மலாயாப் பறவைகள் அறிமுக நூலைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். சப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது அவர் அதனை எழுதினார். சிறையிலேயே தட்டச்சாகி நூல் வடிவம் பெற்றது. போர் முடிந்தபின் 1947இல் அச்சேறியது. சிறையில் இருந்தவர் பறவையை எழுதியதில் ஓர் உருக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் பேராக்கிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் திரும்பாதவர் எத்தனையோ பேர். அவர்கள் அக்காட்டில் எந்தப் பறவையின் குரலைக் கேட்டு விழித்தனர் என்று சொல்ல நூல் ஒன்றுமில்லை.

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளாகிய கோலா குலாவுக்கு வருவோம். பேராக்கின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்தில், மாத்தாங் பாக்காவ்க் காடுகளின் வடகோடியில் அமைந்த மீனவர் சிற்றூர் இது. கோலா என்றால் கழிமுகம். குலா என்றால் சர்க்கரை. ஊர்ப் பெயரே சர்க்கரை மணப்பது. இன்று இவ்வூரை நாடி வருவோர் பறவைக்காக வருகின்றனர். சைபீரியா, சீனம் ஆகிய வடபுலங்களிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் இஃது ஒரு தங்குமிடம். செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை சேற்றுத் திடல்களில் பவளக்கால் உள்ளான், கோட்டான், ஆலா முதலிய கரைப்பறவைகள் கூட்டங்கூட்டமாய் மேய்வதைக் காணலாம். சின்னப் பெருநாரையும் இங்கு உண்டு. அதன் தலையில் மயிரின்மை கண்டு மலாய்க்காரர் ‘போத்தாக்’ என்று பெயரிட்டனர், மொட்டை என்பது பொருள். நீர்நாய், குரங்கு, சில வேளைகளில் கழிமுகத்தில் ஓங்கில் ஆகியவையும் கண்ணிற்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே கிரியான் கரும்பு நாடாக இருந்தது. முதலில் சீன முதலாளிகள், பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் எனக் கடலோரச் சதுப்பில் கரும்பு பரவியது. இந்நிலத்தில் கரும்பு நட வேண்டுமானால் முதலில் கடலைத் தடுக்க வேண்டும். வரப்பெழுப்பி, மதகமைத்து, கால்வாய் வெட்டி உப்புநீரை வெளியேற்ற வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளாகிய தமிழரும், சீனரும், சாவகத்தாரும் இடுப்பளவு சேற்றில் நின்று செய்த வேலை அது. ரப்பர்த் தோட்டக் காலத்துக்கு முன்னரே மலாயாவில் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாய் உழைத்த இடங்கள் இவையும், எல்லை கடந்த செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுமே. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவர்களை வாரிக்கொண்டு சென்றன. கரும்புத் தோட்டங்களின் சாவு விகிதம் அரசாங்கத்தையே விசாரணைக்குத் தூண்டும் அளவுக்கு இருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கூடிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் நிறைவெய்தி, நிலம் நெல்லுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. கரும்பின் இடத்தைச் சில பகுதிகளில் ரப்பரும் பிடித்தது; குலா, களும்போங் என்னும் இரு கரும்பு நிலப் பெயர்களையும் சேர்த்துத் தாங்கிய ரப்பர் நிறுவனமே அதற்குச் சான்று.

பறவைக்கு இம்மாற்றங்கள் என்ன செய்தன என்று கேட்பது ஆசிரியர்களுக்குப் பயனுள்ள வினா. சதுப்பு கரும்பானபோது சதுப்புப் பறவை ஒதுங்கிற்று. கரும்பு நெல்லானபோது கொக்கும், கானாங்கோழியும், சில்லையும் வயலுக்கு வந்தன. வரப்புக்கு அப்பால், கடலின் பக்கம், காடு காடாகவே நின்றது. அதற்கும் காரணம் உண்டு. மாத்தாங்கின் பாக்காவ்க் காடு இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஒதுக்குக் காடாக்கப்பட்டது. அதன் பரப்பு 40,000 ஹெக்டேருக்கு மேல். இரயிலுக்கும் சுரங்கத்துக்கும் விறகு தேவைப்பட்டது. பின்னர்க் கரி தேவைப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டுவதும் வளர்ப்பதுமாக இக்காடு இன்றளவும் ஆளப்படுகிறது. கோலா செப்பெத்தாங்கில் கரிச்சூளைகள் இன்னும் புகைகின்றன. அவ்வூரின் பழம்பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து அங்கு 1885 சூன் 1ஆம் நாள் ஓடத் தொடங்கியதே மலாயாவின் முதல் இரயில். அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர் என்பதை மாணவர்க்கு நினைவூட்ட வேண்டும். காட்டைக் காத்தது பறவையின் மீதுள்ள அன்பன்று, கரியின் விலை. ஆயினும் காடு நின்றது; காடு நின்றதால் பறவை நின்றது.

அக்காட்டில் கூடு கட்டிய பறவைகளுள் ஒன்றைத்தான் உலகப் பறவையியலார் தேடி வந்தனர். வெண்ணிற உடலும், செந்நிற முகத்தோலும், மஞ்சள் நிற நீண்ட அலகும் உடைய பெருநாரை அது. ஆங்கிலேயர் அதன் நிறத்தைப் பாலோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். தமிழில் நிலைபெற்ற பெயர் இதற்கில்லை, பால்நாரை எனலாம். பால்மரக் காட்டில் வாழ்ந்த நம்மவர்க்கு இப்பெயர் எளிதில் நாவில் தங்கும். சுமத்திரா, சாவகம், கம்போடியா ஆகிய நிலங்களில் வாழும் இப்பறவைக்கு மலேசியாவில் கடைசிப் புகலிடமாய் இருந்தது கோலா குலாவை ஒட்டிய மாத்தாங் கரைதான். களும்பாங் தீவில் அது கூடு கட்டியது. 1983இல் தொடங்கிய ‘இன்டர்வேடர்’ என்னும் கரைப்பறவை ஆய்வுத் திட்டத்தின் காலத்தில் இக்கடற்கரைகள் முறையாகக் கணக்கெடுக்கப்பட்டன. 1984இல் இங்கு நூற்றுக்கு மேற்பட்ட பால்நாரைகள் எண்ணப்பட்டன. 2005இல் பத்துக்கும் குறைவு.

இருபது ஆண்டில் நூறு பத்தாவதற்கு ஒரே காரணம் சொல்வது பொருந்தாது. கூடு கட்டத் தக்க பெரிய முதிர்மரங்கள் அருகின. கூட்டை நெருங்கும் மனிதரும் விலங்கும் பெருகினர். இரை தேடும் சேற்றுத் திடல்களின் ஒரு பகுதி சிப்பி வளர்ப்புக்கும், கரையோரம் இறால் குளங்களுக்கும் சென்றது. சிறிய தொகை ஒன்று தன் சிறுமையாலேயே மேலும் நலியும் என்பதும் உயிரியல் உண்மை. சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. சட்டத்தால் துப்பாக்கியைத் தடுக்க முடிந்தது. மரம் முதிரும் வரை காத்திருக்கும் பொறுமையைச் சட்டத்தால் தர முடியவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சார்டினியத் தீவின் அரசி எலியனோரா தம் சட்டத் தொகுப்பில் வல்லூறுகளின் கூடுகளைக் காத்தார். அதன் நினைவாகவே மத்தியதரைத் தீவுகளின் வல்லூறு ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அங்கே கூடுதான் முதலில் காக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பால்நாரையை மீட்கும் முயற்சியில் கோலாலம்பூர் தேசிய விலங்குக் காட்சிச்சாலைக்குப் பெரும் பங்குண்டு. 1980களின் இறுதியிலிருந்து அங்கு இப்பறவை வளர்க்கப்பட்டு, 1998இல் கோலசிலாங்கூரிலும் 2000களில் கோலா குலாவிலும் விடுவிக்கப்பட்டது. 2013இல் உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனமாக இது அறிவிக்கப்பட்டது. இம்முயற்சியில் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. அது தமிழராகிய நமக்கு ஒரு தனிச் சுவையும் வருத்தமும் தருவது.

பால்நாரைக்கு மிக நெருங்கிய உறவு, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வாழும் மஞ்சள்மூக்கு நாரை. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் மரந்தோறும் கூடு கட்டும் அழகிய பறவை அது. அதனை இங்குள்ள காட்சிச்சாலைகளுக்குக் கொண்டு வந்து கூண்டின்றி உலவ விட்டனர். அவை பறந்து திரிந்தன. பால்நாரையோடு இணை சேர்ந்தன. கலப்பினக் குஞ்சுகள் பிறந்தன. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் இக்கலப்பை மரபணு ஆய்வு உறுதி செய்துள்ளது. எண்ணிக்கையில் சிறிய ஓர் இனம் இவ்வாறு கலந்து கலந்து தன் உருவையே இழக்கக்கூடும். குற்றம் பறவையுடையதன்று. கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்து, வந்த இடத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாராதவர் மனிதரே. இந்த மண்ணில் வேறு சிலவற்றுக்கும் இக்கூற்று பொருந்தும்.

வேடந்தாங்கலை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே, ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று அவ்வூரார் ஆணை பெற்றுவிட்டனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை உழவர் அறிந்திருந்தனர். அவர்களுக்கு நிலம் சொந்தம், ஏரி சொந்தம், ஆதலால் பறவையும் சொந்தமாயிற்று. பேராக்கின் தோட்டத் தமிழர்க்கு நிலமும் சொந்தமில்லை, குடியிருந்த லயமும் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். அத்தகையவரிடம் ‘நீ ஏன் பறவையைக் காக்கவில்லை’ என்று கேட்பது நேர்மையாகாது.

தோட்டத்துப் பறவைகளைப் பற்றி எழுதினால் ஒரு தனி நூலாகும். சிலவற்றை மட்டும் சொல்வேன். காக்கையே முதலாவது. சாம்பற் கழுத்துடைய ஊர்க்காக்கை இத்தீபகற்பத்தின் பறவையன்று. 1890களில் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களைப் புழு அரித்தபோது, அப்புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. காப்பி அழிந்தது, காக்கை நிலைத்தது, மேற்குக் கரை நெடுகப் பரவியது. முன்னோர் நினைவு நாளில் நாம் சோறிட்டு அழைக்கும் காக்கையும் நம்மைப் போலவே தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்தது என்பதை மாணவர்க்குச் சொன்னால் மறக்க மாட்டார்கள். பிற்காலத்தில் நகராட்சிகள் அதனைத் தொல்லையெனக் கருதிச் சுட்டுத் தள்ளியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது பக்கி. விடியற்காலை பெரட்டுக்கு எழுந்தவர் அனைவரும் அதன் குரலைக் கேட்டிருப்பர். மரத்தில் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி, விட்டு விட்டு வரும். ஒரு மூச்சில் எத்தனை தட்டு தட்டும் என்று பந்தயம் கட்டும் பழக்கம் இந்நாட்டில் இருந்தது. மண்ணிறச் சிறகோடு சருகின்மேல் படுத்துக் கிடக்கும் அப்பறவையைக் கண்ணால் கண்டவர் குறைவு.

மூன்றாவது கூகை. ரப்பர் விலை சரிந்து செம்பனை வந்தபோது நிரைகளில் எலி பெருகிற்று. வெண்முகக் கூகை 1960களின் இறுதியில் சொகூர்ச் செம்பனைத் தோட்டங்களில் குஞ்சு பொரிப்பது அறியப்பட்டது. 1980களில் அதற்கென மரப்பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றி வைக்கும் முறை தோட்டங்களில் பரவியது. 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கம். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டுள்ளனர். ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்கு அது சாக்குருவி. அதன் அலறல் வீட்டு முகட்டில் கேட்டால் ஒருயிர் போகும் என்று பாட்டிமார் நடுங்கினர். நஞ்சு வைப்பதற்கு மாற்றாகக் கூகையை வளர்த்த நிருவாகம் அறிவோடுதான் நடந்தது. அதே வேளையில் அக்குடியிருப்புகள் காலியாகிக் கொண்டிருந்தன. பால்வெட்டுக்கு வேண்டிய ஆட்களில் ஒரு பகுதியே செம்பனைக்குப் போதும். எஞ்சியோர் ஈப்போவின் புறநகர்களுக்கும் பினாங்கின் தொழிற்சாலைகளுக்கும் குடிபெயர்ந்தனர். லயங்கள் இடிந்தன, தமிழ்ப்பள்ளிகள் சில மாணவரின்றி மூடப்பட்டன, சில இடம் பெயர்ந்தன. பாட்டி அஞ்சிய கூகைக்குப் பெட்டி வீடு கிடைத்தது, பாட்டிக்கு இருந்த வீடு போயிற்று.

ரப்பர்க் காடு இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது என்பதில் ஐயமில்லை. செம்பனைக் காடு அதனினும் வறியது. எனினும் பழைய ரப்பர் நிரைகளின் இடையே பாசாக்காடும் ஓடையும் பழமரமும் இருந்தன. மாங்குயிலும் குண்டுகரிச்சானும் பாடின. ஆற்றோரங்களில் இனிய குரலால் புகழ்பெற்ற மஞ்சள்தலைப் பெருங்கொண்டைக்குருவி, கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டே பெரும்பாலான இடங்களில் இல்லாமற் போயிற்று. மலாய்க்காரர் ‘பாராவ் பாராவ்’ என்று அழைத்த அக்குரலைக் கேட்டு நினைவில் வைத்திருக்கும் முதியோர் பழந்தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்பி, எந்தப் பறவையை எந்தப் பெயரால் அழைத்தனர், எப்போதிலிருந்து அதன் குரல் கேட்கவில்லை என்று எழுதி வரச் செய்யலாம். இதற்குத் தொலைநோக்கியும் வேண்டா, பயணச் செலவும் வேண்டா. காலம் மட்டும் குறைவாக இருக்கிறது.

பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாரை, அன்றில், மகன்றில், குருகு, கணந்துள் எனச் சங்கப் பாடல்கள் பேசும் புட்கள் பல. அவை எவை என்று ஆராய்ந்து பி. எல். சாமி 1976இல் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலை வெளியிட்டார். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடும் பாடலைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாத தமிழர் குறைவு. அப்பாடல் நாரை தென்கோடி சென்று மீண்டும் வடக்கே திரும்பும் என்ற அறிவின்மேல் எழுந்தது. வலசை என்னும் சொல்லை விளக்க இதனினும் நல்ல வாயில் வேறில்லை. ஆனால் பாடலை நடத்திய கையோடு கோலா குலாவுக்கு மாணவரை அழைத்துச் சென்று நாரையைக் காட்டும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. கோலா செப்பெத்தாங்கில் படகேறும் நம்மவர், செம்பருந்துக் கூட்டம் நீர்மேல் தாழ்ந்து வரக் கண்டதும் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வர். அடுத்த நொடி படகோட்டி கோழித் தோலை வீச, அதனை அப்பறவை பாய்ந்து கவ்வும். தெய்வப் பறவைக்குக் கோழித் தோல் நல்லுணவா என்பது ஒரு பக்கம் இருக்க, தானே வேட்டையாடும் பறவையைக் கையேந்தப் பழக்குவதை நான் விரும்பவில்லை. பங்கோரின் இருவாட்சிக்குப் பழமாவது கிடைக்கிறது.

ஈப்போவைச் சுற்றி வாழ்வோர்க்குக் கடற்கரை வரையும் செல்ல வேண்டியதில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் உலகின் ஈயத்துக்குப் பெயர்பெற்ற இடம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்ததும், ஏற்கெனவே நலிந்திருந்த சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் 1982லேயே நின்றுவிட்டது; இன்று அது காட்சிப்பொருள். தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குட்டைகளாயின. அக்குட்டைகளின் ஓரம் கோரையும் புதரும் வளர்ந்தன, மீன் பெருகிற்று, சாம்பல் நாரையும் செந்நாரையும் சிறுகொக்கும் நீர்க்காகமும் வந்தன. பத்து காஜாவுக்கு அருகில் இத்தகைய குட்டைகள் பறவை காண்போர் தேடி வரும் இடமாகிவிட்டன. மணல் எடுப்போரும் மீன் வளர்ப்போரும் வீடு கட்டுவோரும் அதே குட்டைகளைத்தான் நாடுகின்றனர். ஆகவே இன்று இருக்கும் குட்டை நாளை இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மாலை மயங்கும் வேளையில் அக்குட்டைகளின் புதர்களிலிருந்து சிவந்த கண்ணும் கருநிற முதுகும் கொண்ட கொக்குகள் ஒவ்வொன்றாய் எழுந்து இரை தேடப் புறப்படும். பகலெல்லாம் உறங்கி இரவில் மீன் பிடிக்கும் இவற்றை இராக்கொக்கு என்பர். பறக்கும்போது அவை எழுப்பும் கரகரத்த ஒற்றைக் குரலைக் கேட்டுத் தமிழர் வைத்த மற்றொரு பெயர் வக்கா. அதே குரலைக் கேட்ட மலாய்க்காரர் அதனைப் ‘பூச்சோங் குவாக்’ என்றனர்.